ஒன்பதாம் பாடத்தைத் திருப்பித் தாருங்கள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கான பாடநூல் குழுவினருக்கு,

மார்ச் மாதம் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆறாம் நிலை நூலின் வரைவில் ஒன்பதாம் பாடம் 'ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பெண் துணைவேந்தர்'. அதன் முதல் வரியே "இங்கிலாந்தில் பிறந்த பேராசிரியர் லூயிஸ் ரிச்சர்ட்சன்" என்று தொடங்கியது. அவர் பிறந்தது அயர்லாந்தில், வாட்டர்ஃபோர்ட் கவுன்டியில் உள்ள டிரமோரில். ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சொல் மாறவில்லை, பாடமே போய்விட்டது. திருத்தத்துக்காகத் தேடிப் பார்த்தபோதுதான் அவருடைய ஆய்வுத்துறை பயங்கரவாதம் என்று உங்களுக்குத் தெரியவந்ததாம். நம் பெற்றோர்களில் போரைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனம் நோகும், ஆகவே சிறுவர் நூலில் இது வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களாம். அந்த இடத்தில் 'நேரத்தைச் சேமிப்போம்' என்று ஒரு பாடம் வருகிறது. அதையும் படித்தேன். அலாரம் வைத்து எழுந்திருக்கச் சொல்கிறது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுதான். இன்னொரு மின்னஞ்சல் போட்டு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. மற்ற ஊர் ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் செவிலியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பதினேழு வருஷமாக வாட்டர்ஃபோர்டில் வேலை, வீடு டிரமோரில். சனிக்கிழமை காலையில் ஒரு தேவாலயக் கூடத்தில் பதினோரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்காலி போடுவதும் நாங்கள்தான், அடுக்குவதும் நாங்கள்தான். பன்னிரண்டரைக்கு யோகா வகுப்புக்காரர்கள் பாயோடு வந்து வாசலில் நிற்பார்கள். வரைவு நூலை நடத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று எங்களைக் கேட்டது நீங்கள்தான். நடத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குப் பலகையில் 'டிரமோர்' என்று எழுதினேன். கடைசி வரிசையில் மேசைக்கடியில் கைபேசியை வைத்துக்கொண்டிருந்த பையன் தலையை நிமிர்த்தினான்.

"எந்த டிரமோர் மிஸ்?"

"நம்ம டிரமோர்தான்."

"மெட்டல் மேன் இருக்கிற டிரமோரா?"

உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடல்முனையில் வெள்ளைத் தூண்களில் ஒன்றின் உச்சியில் மாலுமி உடுப்போடு ஓர் இரும்பு மனிதன் நிற்கிறான். பாறைகளில் மோதிவிடாதே என்று கப்பல்களுக்குக் கை காட்டுவதற்காக நிறுத்தியது. அந்தத் தூணை வெறுங்காலோடு நொண்டியடித்து மூன்று சுற்றுச் சுற்றிய பெண்ணுக்கு ஒரு வருஷத்தில் கல்யாணம் ஆகிவிடும் என்பது ஊர்ப்பேச்சு. நம் ஊர் அரசமரத்துக்கு இங்கே இரும்பு மனிதன். ஊரின் பெயருக்கு ஐரிஷ் மொழியில் 'பெரிய மணற்கரை' என்று பொருள். அதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே 'பெருமணல்' என்று தமிழ்ப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் படித்தது வாட்டர்ஃபோர்ட் அர்சுலைன் கான்வென்டில் என்று நான் சொன்னபோது ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "அது எங்க ஸ்கூல் மிஸ்!" பிறகு புத்தகத்தைப் பார்த்து, "அப்ப இதுல ஏன் இங்கிலாந்துன்னு போட்டிருக்கு?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன். ஒன்றரை வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். தமிழ்ப் புத்தகத்தில் தங்கள் ஊரைக் கண்டு பிள்ளைகள் முண்டியடித்தது அந்த ஒரு நாள்தான். அந்தப் பாடத்தைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

இங்கிலாந்தோ அயர்லாந்தோ, எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் நான் 'லண்டனில்' இருக்கிறேன். அம்மா சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் சொல்லக்கூடாது.

நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். இப்போது இல்லை. உடன்பிறந்தவர்கள் ஏழு பேரில் இவர் ஒருவர்தான் ஊரில் தங்கியவர். மற்ற ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ராஸ்லேர் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனவர்கள். தேநீர் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் விரல்விட்டு எண்ணுவார்: இன்னார் கட்டட வேலைக்கு, இன்னார் நர்ஸ் வேலைக்கு, இன்னார் போனதோடு சரி, கடிதமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த ஊர்க்காரர்களுக்கு இங்கிலாந்து என்பது வயிற்றுப்பாட்டுக்குப் போகிற ஊர். அங்கே பிறந்ததாக ஒருவரை எழுதினால் அவர் வீட்டைவிட்டுப் போன கதை முழுவதும் அழிந்துபோகிறது.

ரிச்சர்ட்சன் கதையே போன கதைதான். 1958-ல் பிறந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகள். பெற்றோர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். அவர் சிறுமியாக இருந்தபோது டிரமோரிலிருந்து வாட்டர்ஃபோர்டுக்கு ரயில்கூட இல்லை. இரண்டு வயதிருக்கும்போதே அந்தத் தடத்தை மூடிவிட்டார்கள். ஆனால் ஒன்பது வயதில் ஒன்று நடந்தது. 1966-ல் அன்றைய கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி உயர்நிலைக் கல்வி இலவசம் என்று அறிவிக்க, அடுத்த வருஷமே அது நடைமுறைக்கு வந்தது. தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்தும் இலவசம். அதற்கு முன் அயர்லாந்தில் ஏராளமான பிள்ளைகளின் படிப்பு தொடக்கப்பள்ளியோடு முடிந்தது. மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த மாநிலத்திலிருந்து வந்த எனக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. உங்கள் பாடத்தில் 'கடின உழைப்பால் உயர்ந்தார்' என்று ஒரு வரி இருந்தது. ஓ'மாலி பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வரலாறு. இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு நான் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். 1592-ல் முதலாம் எலிசபெத் காலத்தில் தொடங்கிய கல்லூரி அது. ஆயரின் சிறப்பு அனுமதி இல்லாமல் கத்தோலிக்கர் அங்கே போய்ப் படிக்கக்கூடாது என்று கத்தோலிக்கச் சபையே தடுத்து வைத்திருந்தது. 1970-ல்தான் அந்தத் தடை விலகியது. டிரமோரின் கத்தோலிக்க வீட்டுப் பெண் அங்கே போய்ச் சேர்ந்தபோது பத்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 1973 வரை இந்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி வேறு இருந்தது. "கல்யாணம் ஆனா ஏன் வேலையை விடணும்?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, யோகாக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

இனி, நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் குடிமை உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். அன்றைக்கே பதின்மூன்று பேர் இறந்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். ரிச்சர்ட்சன் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் பிரிட்டனுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்திருப்பேன் என்று பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார்.

சேரவில்லை. அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார், அங்கேயே பாடம் நடத்தினார். அவருக்குள் ஒரு கேள்வி இருந்தது. தன் ஊரில் தான் பார்த்த, சாதாரணமாகச் சிரித்துப் பேசுகிற ஆட்கள் எப்படி அப்பாவிகளைக் கொல்லத் துணிகிறார்கள்? அதையே பாடமாக்கினார். 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதைக் கற்பித்தவர்கள் கொஞ்சம் பேர். அவர் அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கியவர். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பயங்கரவாதத்தின்மீது போர் என்று அமெரிக்கா அறிவித்தது தவறு என்று அங்கேயே இருந்துகொண்டு சொன்னார். 2006-ல் வந்த நூலில், இத்தகைய குழுக்களில் இருப்பவர்கள் தேடுவதை மூன்றாகப் பிரித்தார்: பழிக்குப் பழி, பேர்புகழ், எதிராளியின் எதிர்வினை. மூன்றாவதுதான் முக்கியம். எதிராளி கண்மண் தெரியாமல் திருப்பி அடித்தால், முதலில் அடித்தவன் ஜெயித்துவிட்டான். போராளியின் காரணம் எதுவாக இருந்தாலும், ஆயுதம் ஏந்தாதவர்களைக் குறிவைத்துக் கொன்றால் அது பயங்கரவாதம்தான் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்வது அவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகாது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாதா? நான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது. "விளையாட்டுல ஃபவுல் பண்ணி, திருப்பி அடிக்க வெச்சு, ரெஃபரிகிட்ட மாட்டிவிடுற மாதிரி" என்றான் கைபேசிப் பையன்.

பெற்றோர் மனம் நோகும் என்கிறீர்கள். எந்தப் பெற்றோரைக் கேட்டீர்கள்?

எங்கள் வகுப்பில் ஒரு பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போகாமல் கடைசி நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தாத்தா ஒருவர் உண்டு. வீட்டில் யாரையெல்லாம் இழந்தவர் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் தர்க்கப்படி முதலில் எழுந்து போயிருக்க வேண்டியவர் அவர். பாடம் முடியும்வரை அசையவில்லை. பிள்ளைகள் போனபிறகு என்னோடு நாற்காலி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உதைத்தான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கோணும் பிள்ளை. அந்தக் காலத்தில எங்களிட்ட ஒருத்தரும் உந்தக் கேள்வியைக் கேக்கேல்லை. கேட்டவனையும் நாங்கள் கேக்க விடேல்லை."

அந்த ஐயாவின் பேரைச் சொல்லித்தான் நீங்கள் பாடத்தை எடுத்திருக்கிறீர்கள்.

இதைவிட எனக்கு வியப்பான ஒன்று. அதே வரைவு நூலின் பதினொன்றாம் பாடம் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், முதல் வகுப்புப் பெட்டி, கலெக்டர் ஆஷ், துப்பாக்கி. படம்கூடப் போட்டிருக்கிறீர்கள். அந்த நிலையம் இப்போது வாஞ்சி மணியாச்சி. சின்ன வயதில் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவள் நான். அந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆஷைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு விதப் பேச்சு உண்டு, அது வேறு விஷயம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சுடப்பட்ட ஆஷ் அயர்லாந்துக்காரர். பாடத்தில் அவரும் 'ஆங்கிலேயர்'. நான்காம் பாடத்தில் பாரதி வணங்குகிற நிவேதிதா பிறந்ததும் இதே தீவில், டைரோன் கவுன்டியின் டன்கனனில். அவரும் அங்கே 'ஆங்கிலேயப் பெண்மணி'. சுட்டவனின் கதை பன்னிரண்டு வயதுக்கு ஆகும், மனிதர்கள் ஏன் சுடுகிறார்கள் என்று முப்பது வருஷம் கேட்ட பெண்ணின் கதை ஆகாது என்றால், அந்த அளவுகோலை எங்களுக்கும் காட்டுங்கள்.

ரிச்சர்ட்சனின் பிற்பகுதி உங்கள் பாடத்தில் ஓரளவு சரியாகவே இருந்தது. 2001 முதல் ஹார்வர்டின் ராட்கிளிஃப் ஆய்வு நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பு. 2009-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் தலைமை. 1413-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுவரை பெண் தலைவர் கிடையாது. நீங்கள் விட்டுவிட்டது கோல்ஃப் கிளப் கதை. அந்த ஊர் கோல்ஃபின் தாய்வீடு. பல்கலைக்கழகத் தலைவராக வருகிறவருக்கு அங்கேயுள்ள ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பில் கௌரவ உறுப்பினர் பதவி தருவது வழக்கம். இவருக்குத் தரவில்லை. பெண்களுக்கு உறுப்பினர் பதவியே இல்லை. ஊரின் மிகப் பெரிய நிறுவனத்தை நடத்துகிறவர் கிளப்புக்கு வெளியே நிற்க வேண்டியிருந்ததை அவர் பத்திரிகையில் சொன்னார். 2014 செப்டம்பரில்தான் கிளப் வாக்கெடுத்துப் பெண்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. எங்கள் வகுப்பில் அதிகம் சிரிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

2016 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்ட். 272-ஆவது துணைவேந்தர், முதல் பெண். 'துணை' என்றால் உதவியாளரா என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஆகவே பாடத்தில் ஒரு விளக்கம் வேண்டும்: அங்கே வேந்தர் பதவி விழாக்களுக்கு, நிர்வாகம் துணைவேந்தர் கையில். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1920-ல்தான். அவர் வந்தபோது பிரிட்டன் மாணவர் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தார்கள், 2020-ல் 68-ஐத் தாண்டினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான தடுப்பூசிக்கு ஆஸ்ட்ராஜெனெகாவோடு ஒப்பந்தம் ஆனதும் அவர் காலத்தில்தான். புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் அதைக் கோவிஷீல்டாகத் தயாரித்தது. 2021-ல் எங்கள் அம்மாவின் கையில் ஏறியது அதுதான். "உங்க லண்டன் ஊசி போட்டாச்சு" என்று அம்மா போன் செய்தாள். அந்த ஒரு முறை அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரி.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தைப் பரப்பிய செசில் ரோட்ஸின் சிலையை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எடுக்கச் சொல்லி மாணவர்கள் போராடியபோது, பிடிக்காத கருத்துகளையும் வரலாற்றையும் எதிர்கொள்ளப் பழகுங்கள் என்றார். சிலை விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. 2018-ல் ஓய்வூதியத்துக்காக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிர்வாகம் முதலில் எடுத்த நிலைப்பாட்டைப் பேராசிரியர்களே எதிர்த்துத் திரும்பப்பெற வைத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர்களின் சம்பளம் பற்றிய சண்டையிலும் அவர் பெயர் அடிபட்டது. இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2023 முதல் அவர் நியூயார்க்கில் கார்னகி அறக்கட்டளையின் தலைவர். அதை நிறுவிய ஆண்ட்ரூ கார்னகியும் ஸ்காட்லாந்திலிருந்து சிறுவனாகக் கப்பலேறிப் போனவர்.

ஆறாம் நிலை நூலில் 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். ஏழிலும் அது நாம்தான். எங்கள் பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கும் ஊரே வீட்டுக்கு வீடு ஆளை அனுப்பிவிட்டு நிற்கிற ஊர் என்று அந்த நூலில் எங்கும் இல்லை. ஒன்பதாம் பாடத்தில் அதற்கு இடம் இருந்தது.

நான் கேட்பவை இவை. ஒன்பதாம் பாடத்தை அச்சுக்குப் போகுமுன் நூலில் திரும்பச் சேருங்கள். அலாரம் பாடத்தைப் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். "இங்கிலாந்தில் பிறந்த" என்பதைத் திருத்துங்கள். அதோடு நான்காம், பதினொன்றாம் பாடங்களில் நிவேதிதாவையும் ஆஷையும் திருத்துங்கள். டெர்ரி ஞாயிற்றுக்கிழமையையும் அதன்பிறகு அவர் கேட்ட கேள்வியையும் சொல்லும் ஒரு பத்தி வேண்டும். உங்களுக்குத் தயக்கம் இருந்தால் நானே எழுதி அனுப்புகிறேன், பன்னிரண்டு வயதுக்குப் புரியும்படி. ஓ'மாலிக்கு ஒரு வரி கொடுங்கள். இனிமேல் 'பெற்றோர் மனம் நோகும்' என்று எழுதுவதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பாடம் வேண்டாம் என்பதுதான் முடிவு என்றால், காரணத்தை எழுதி, வரைவை நடத்திப் பார்த்த எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள்.

நூல் ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. ஜூலை 15-க்குள் பதில் வேண்டும். அதுவரை எங்கள் வகுப்பில் பழைய வரைவின் நகலை வைத்தே பாடம் நடக்கும், முதல் வரியில் 'இங்கிலாந்தில்' என்பதைப் பிள்ளைகள் பேனாவால் அடித்துத் திருத்திய நகல். வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒன்று அனுப்புகிறேன்.

டிரமோரிலிருந்து,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை